மண் எடுத்தவர் பேரும் ஏட்டில் ஏற வேண்டும்!



சம்பளம், வீடு, தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூட பஸ் என்று எழுதி வரும் இந்தப் பகுதியில் இந்த வாரம் மண்ணைப் பற்றி எழுதப் போகிறோம். "மண்ணைப் பத்தி எங்களுக்கே சொல்ல வந்துட்டீங்களா?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

போன மாதம் சங்க வேலையாகப் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் பழைய அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டுக்குத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். வாசலில் கால் வைக்கும்போதே பின்பக்கத்தில் ஒரு சத்தம்.

"நாப்பது வருசம் இந்த மண்ணைக் கொத்திக் கொத்தி என் இடுப்பு ஒடைஞ்சு போச்சு. நீயாச்சும் மண்ணத் தொடாம பொழைக்கணும்னுதானே உன் அப்பன் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறான்? பல்கலைக் கழகம் போயும் மண்ணுதானா புள்ள?"

பேசியது வீட்டுப் பாட்டி. பேச்சு வாங்கிக்கொண்டு நின்றது பேத்தி. முதலாண்டு மாணவி, விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கொல்லைப்புற வாழை மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, கரண்டியால் மண்ணை எடுத்துச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே தேதியும் இடமும் எழுதிக்கொண்டிருந்தாள்.

தகப்பனார் நம் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. தாதியர் படிப்பு கெடச்சுது. வேணாம்னு சொல்லிட்டு இந்தக் கிருமிப் படிப்ப எடுத்திருக்கா. அடுத்த மாசத்துக்குள்ள பாரம் எழுதிக் குடுத்தா வேற பாடம் மாத்திக்கலாமாம். மாத்தச் சொல்லுங்க."

அந்தப் பெண் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "மாமா, எங்க லெக்சரர் ஒவ்வொருத்தரையும் சொந்த ஊர் மண் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. அதுல என்னென்ன உசிரு இருக்குன்னு நாங்களே படிச்சுக் கண்டுபிடிக்கணும். புத்தகத்துல இருக்கிறத எழுதுறது இல்ல. இதுவரைக்கும் யாருக்கும் தெரியாதத எழுதுறது" என்றாள்.

நமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப் பள்ளியில் தட்டுத் தடுமாறிக் கரையேறியவர்கள் நாம். "விசாரித்துவிட்டு வந்து சொல்கிறோம்" என்று கிளம்பினோம். தெரிந்த ஆசிரியர்களைக் கேட்டோம், படித்தோம். கிடைத்ததை அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சொல்லாமல் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறோம். இந்தச் சத்தம் பல வீடுகளில் கேட்கிற சத்தம்தானே.

மண்ணுக்குள் ஒரு பெரட்டு

ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. எல்லாமே நோய்க் கிருமி அல்ல. பெரும்பாலானவை நமக்கு உழைக்கிறவை. விழுந்த மட்டையை மக்க வைப்பதும், செத்ததை எருவாக்குவதும், வேருக்குச் சத்து ஊட்டுவதும் அவைதான்.

ரப்பர் கன்று நட்ட இடத்தில் மண்ணை மூடக் கொடி போடுவார்களே, அந்தக் கொடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது. மூட்டை மூட்டையாக நாம் சுமந்து போட்ட உரத்தில் ஒரு பகுதியை, சம்பளம் கேட்காத இந்தத் தொழிலாளி சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தான்!

கெடுக்கிறவனும் உண்டு. செம்பனை மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்து, சில காலத்தில் மரமே சாய்ந்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். கனோடெர்மா என்ற பூஞ்சையின் வேலை அது. நோய் பிடித்த பழைய அடிமரமும் வேரும் மண்ணில் கிடக்க, அதன் மேலேயே மறுநடவு செய்த இடங்களில் இளமரங்களையும் அது பிடித்துக்கொள்கிறது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் அதே மண்ணில் அந்தப் பூஞ்சையை எதிர்த்து நிற்கும் வேறு பூஞ்சைகளும் இருக்கின்றன. எந்த மண்ணில் எது இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதைக் கண்டுபிடிப்பது முன்பு மிகவும் கஷ்டம். கிருமியைத் தட்டில் போட்டு, தீனி கொடுத்து வளர்த்துத்தான் பார்க்க முடியும். ஆனால் மண்ணில் உள்ளவற்றில் பெரும்பாலானவை தட்டில் வளர்வதே இல்லை. வளராதது கணக்கில் வராது. நம் பெரட்டுக் களம் மாதிரிதான். வந்து நின்றவனுக்குப் பேர் விழும். வீட்டில் காய்ச்சலாய்ப் படுத்திருப்பவன் ஆளே இல்லை என்று ஆகிவிடும்.

இப்போது வழி மாறிவிட்டது. ஒவ்வோர் உயிருக்குள்ளும் அதன் குணம், தொழில் எல்லாவற்றையும் எழுதி வைத்த ஒரு நீண்ட ஏடு இருக்கிறது. அதுதான் மரபணு ஏடு. நான்கே எழுத்துகளால் எழுதியது. மண்ணிலிருந்து அந்த ஏடுகளை மொத்தமாகப் பிரித்தெடுத்து இயந்திரத்தால் படித்து விடுகிறார்கள். பெரட்டில் பேர் கூப்பிடுவதை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்க் குடிக்கணக்கு எடுப்பது போல. ஒரு காலத்தில் அறை கொள்ளாத இயந்திரம் வேண்டியிருந்த இந்த வேலைக்கு, இன்று கைக்குள் அடங்கும் கருவிகூட வந்துவிட்டது.

படிக்க இயந்திரம் இருக்கிறது. ஆனால் மண்ணோ கணக்கில்லாமல் கிடக்கிறது. இத்தனை மண்ணையும் எடுத்து வர, இத்தனை ஏடுகளையும் உட்கார்ந்து சரிபார்க்க ஆட்கள் வேண்டுமே! நாலு பெரிய விஞ்ஞானிகளால் ஆகிற காரியமா? இங்கேதான் மாணவர்களும் ஆசிரியர்களும் உள்ளே வருகிறார்கள்.

அழுகின கத்தரிக்காய்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்ற நகரம். நம் இனத்தவருக்கு அது அந்நியமான ஊரல்ல. சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்ற கப்பல், 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை முதன்முதலில் கொண்டு போய் இறக்கியது அந்தத் துறைமுகத்தில்தான். நம் முன்னோர் ரப்பருக்கு வந்தார்கள். அவர்கள் கரும்புக்குப் போனார்கள்.

அந்த ஊர்ப் பல்கலைக் கழகத்தில் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. கிருமியைத் தாக்கிக் கொல்லும் வைரஸ் சில உண்டு. பேஜ் என்று அவற்றைச் சொல்கிறார்கள். மனிதருக்கு நோய் தராது. கிருமியை மட்டும் பிடிக்கும். ஒவ்வொரு மாணவரும் தமக்குப் பிடித்த இடத்திலிருந்து மண்ணோ குப்பையோ எடுத்து வந்து, அதில் இப்படி ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதுதான் பாடம்.

2010-ஆம் ஆண்டு லில்லி ஹோல்ஸ்ட் என்ற மாணவி, எருக் குப்பையில் அழுகிக் கிடந்த ஒரு கத்தரிக்காயின் அடிப்பாகத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தார். நம் வீட்டில் தூக்கி எறிகிற சொத்தைக் கத்தரிக்காய்தான்! அதில் ஒரு பேஜ் கிடைத்தது. கண்டெடுத்தவருக்கே பெயர் வைக்கும் உரிமை உண்டு. 'மடி' என்று பெயர் வந்தது. சேறு படிந்தது என்று அர்த்தம். அதன் மரபணு ஏட்டைப் படித்தார்கள். சுமார் 48 ஆயிரம் எழுத்துகள். பதிவு செய்து குளிர்பெட்டியில் வைத்தார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

எட்டு ஆண்டுகள் ஓடின. இங்கிலாந்தில் 15 வயதுப் பெண் பிள்ளை ஒன்று. பிறவியிலேயே நுரையீரலைக் கெடுக்கும் நோய். 2017-ல் லண்டன் ஆஸ்பத்திரியில் இரண்டு நுரையீரலையும் மாற்றி வைத்தார்கள். ஆனால் பழைய கிருமி விடவில்லை. சயரோகக் கிருமிக்கு உறவான ஒரு கிருமி அது. உடம்பெல்லாம் பரவிவிட்டது. தோலில் கட்டி கட்டியாகப் புண்கள். எந்த மருந்தும் கேட்கவில்லை. டாக்டர்கள் கைவிரிக்கும் நிலை.

பேஜ் வைத்தியம் பற்றி எங்கோ படித்திருந்த தாய், அதைப் பார்க்கலாமா என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகப் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லுக்குக் கடிதம் போனது. மாணவர்கள் கண்டெடுத்த ஆயிரக்கணக்கான பேஜ்களைச் சேர்த்து வைத்திருப்பவர் அவர்தான். அந்தப் பெண்ணின் கிருமியை வாங்கி, ஒவ்வொன்றாக மோத விட்டுப் பார்த்தார்கள். மாதக் கணக்கில் தேடிக் கடைசியில் மூன்று தேறின. அதில் இரண்டின் ஏட்டைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தது. திருத்தமே தேவைப்படாமல், இருந்தபடியே கிருமியைக் கொன்றது எது தெரியுமா? டர்பன் கத்தரிக்காயில் கிடைத்த அந்த 'மடி'தான்!

2018 ஜூன் மாதம் ஊசி வழியாக மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். புண்கள் ஆறின. நோய் அடியோடு ஒழிந்தது என்று டாக்டர்கள் சொல்லவில்லை. கட்டுக்குள் வந்தது என்று சொன்னார்கள். சாவின் வாசலில் கிடந்த பிள்ளை எழுந்து நடந்தது. 2019-ல் உலகப் பத்திரிகைகளில் இந்தச் செய்தி வந்தபோது அந்தப் பெண் படிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

அழுகின காயை ஒரு மாணவி குனிந்து எடுத்தாள். எட்டு வருஷம் கழித்து, முகம் தெரியாத இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அது மருந்தாயிற்று. மண் படிப்பு என்ன படிப்பு என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

பெரிய படிப்பாளிக்கு மட்டும் இல்லை

இந்த வகுப்பு முறை 2008-ல் அமெரிக்காவில் 12 கல்லூரிகளில் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் நடக்கிறது. கடைசி வருஷம் படிக்கிற கெட்டிக்கார மாணவர்களுக்கென்று வைத்த வகுப்பல்ல இது. முதல் வருஷம் காலடி எடுத்து வைக்கும் பிள்ளைகளுக்கே வைத்தது என்பதைக் கவனியுங்கள்.

வேலை இதுதான். பிள்ளை ஒரு பிடி மண் எடுத்து வருகிறது. தண்ணீரில் கலக்கி, நுண்ணிய வடியில் வடிகட்டுகிறது. ஆபத்தில்லாத ஒரு கிருமியோடு கலந்து தட்டில் ஊற்றி வைக்கிறது. ஓரிரு நாளில் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்து, நடு நடுவே வட்டமாக ஓட்டை விழுந்திருக்கும். லாலான் காட்டில் மருந்து பட்ட இடம் மட்டும் வட்டமாகக் காய்ந்து கிடக்குமே, அது போல. அந்த ஓட்டைக்குள் பேஜ் இருக்கிறது. அதைப் பிரித்து, மரபணு ஏட்டைப் படிக்க அனுப்பி, வந்த எழுத்துகளில் எது எதற்கு என்று பிள்ளைகளே ஆசிரியரோடு உட்கார்ந்து குறிக்கிறார்கள். கண்டவரின் பெயர், மண் எடுத்த இடம், தேதி எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

2015-ல் இந்தப் பேஜ்கள் பற்றி ஒரு விஞ்ஞானக் கட்டுரை வெளிவந்தது. 627 பேஜ்களை ஒப்பிட்ட கட்டுரை. அதை எழுதியவர்கள் என்று போட்ட பட்டியலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பெயர்கள் இருந்தன! நம் தொழிலில் ஒரு டன் குலை இறக்கினால் தோட்டத்தின் பேர் வரும்; துரையின் பேர் வரும்; இறக்கியவன் பேர் எங்கேயாவது வந்ததுண்டா?

இன்னொரு வகுப்பும் உண்டு. 2012-ல் ஜோ ஹாண்டெல்ஸ்மன் என்ற பெண் பேராசிரியர் தொடங்கியது. இன்று 'டைனி எர்த்' என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவிட்டதால், புதிய மருந்து தரும் நுண்ணுயிரை மாணவர்கள் தம் ஊர் மண்ணிலேயே தேடுகிறார்கள்.

இவை இரண்டைவிட நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. அமெரிக்காவில் கறுப்பர்களும், ஸ்பானிய மொழி பேசுவோரும், பழங்குடியினரும் அதிகம் படிக்கும் சின்னக் கல்லூரிகள் பல உண்டு. அங்கே ஆசிரியருக்கு வகுப்புக்கு மேல் வகுப்பு. ஆராய்ச்சிக்கு நேரமும் இல்லை, இயந்திரமும் இல்லை. அந்த ஆசிரியர்கள் 2020 வாக்கில் ஒரு வலையாகச் சேர்ந்தார்கள். பெரிய பல்கலைக் கழகங்களையும் கூட்டிக்கொண்டு மண் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 'பயோடிக்ஸ்' என்று அதற்குப் பெயர். தத்தம் ஊர் மண்ணை மாணவர்கள் எடுத்து அனுப்புகிறார்கள். இயந்திரம் உள்ள இடத்தில் ஏடு படிக்கப்படுகிறது. கிடைத்த விவரத்தை எல்லாக் கல்லூரி மாணவர்களும் கணினி வழியாக எடுத்துப் படிக்கலாம். மண்ணில் ஈயம் போன்ற நச்சு உலோகம் கலந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

தனி ஆளாக நின்றால் முடியாதவர்கள் சேர்ந்து நின்று முடித்திருக்கிறார்கள். இதற்கு நம் ஊரில் என்ன பெயர்? சங்கம்!

பேர் போன கதை

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் சங்கத்துக்காரன் என்ற பேர் நமக்கு எதற்கு?

சயரோகத்துக்கு முதன்முதலில் வந்த நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். டி.பி. வந்த நம் பெரியவர்களில் பலர் அந்த ஊசி போட்டுத்தான் பிழைத்தார்கள். அதைத் தருவது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். 1943 அக்டோபரில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தில் அதைக் கண்டெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர். மாதச் சம்பளம் 40 டாலர். கீழ்த்தள அறையில், உயிரோடுள்ள சயரோகக் கிருமியோடு இரவு பகலாகக் கிடந்தார்.

பேரும் புகழும் பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்குப் போனது. தமக்குப் பங்கு வேண்டாம் என்று மாணவர் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பேராசிரியருக்கு மட்டும் மருந்துப் பணத்தில் பங்கு வருகிறது என்று பிறகு தெரிந்தது. 1950-ல் ஷாட்ஸ் கோர்ட்டுக்குப் போனார். அந்த ஆண்டுக் கடைசியிலேயே சமரசம் ஆயிற்று. இருவரும் சேர்ந்தே கண்டுபிடித்தார்கள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. வருமானத்தில் நூற்றுக்கு மூன்று பங்கும் கிடைத்தது. ஆனால் 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே போனது. 1994-ல், ஐம்பது வருஷம் கழித்து, அதே பல்கலைக் கழகம் கூப்பிட்டு ஷாட்ஸுக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. பதக்கம் வாங்கும்போது அவர் கிழவர்.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. 1911-ல் இரங்கூன் ஆஸ்பத்திரியில் புதிய நோய் ஒன்றைக் கண்டார்கள். 1912-ல் அதைக் கட்டுரையாக எழுதியவர்கள் இருவர். ஒருவர் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டர். மற்றவர் அவருடைய உதவியாளர், சி. எஸ். கிருஷ்ணசாமி. நோய்க்கு நிலைத்த பெயரோ 'விட்மோர் நோய்'. கிருஷ்ணசாமி எங்கே போனார்? கட்டுரையில் மட்டும் இருக்கிறார்!

அந்த நோய்க்கு 1921-ல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஸ்டாண்டன், ஃபிளெட்சர் என்ற டாக்டர்கள் மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டு மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இன்றும் இருக்கும் கிருமி அது. ஆகவே ஒரு வார்த்தை. நீரிழிவு உள்ளவர்களை இது கடுமையாகப் பிடிக்கும். காலில் புண்ணோடு, செருப்பில்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். பூட்ஸும் கையுறையும் போடுங்கள். மழைக் காலத்தில் காய்ச்சல் நாள்கணக்கில் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் மண்ணு வேலை செய்யுற ஆளு, சக்கர நோவு இருக்கு" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் வேலை செய்யும் வங்காள தேசத்து, இந்தோனேசியத் தோழருக்கும் சொல்லுங்கள். பிள்ளைகளே, மண் ஆராய்ச்சி என்று வீட்டில் கிருமி வளர்த்துப் பார்க்காதீர்கள். அது ஆசிரியர் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்கிற காரியம்.

நாம் கேட்க வேண்டியது

நமக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது தோட்டத்துக்கு மண் பரிசோதனை செய்ய ஆட்கள் வந்தார்கள். நம் தகப்பனார்தான் காடு காடாக அவர்களுக்கு வழி காட்டினார், துளை போட்டார், மண் மூட்டையைத் தோளில் சுமந்து வந்து வண்டியில் ஏற்றினார். "மண்ணு எப்படிங்க இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார். "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார்கள். அவர் கடைசி வரைக்கும் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஒரு பதிலை நாம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். மண்ணை எடுத்தவர், சுமந்தவர், படித்தவர் எல்லாருடைய பெயரும் ஏட்டில் ஏறுகிற விஞ்ஞானம் வந்திருக்கிறது. அதில் நம் பிள்ளைகள் போய் உட்கார வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்களே! நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றின் பெயரில் இன்னும் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. பக்கத்துப் பல்கலைக் கழகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். "எங்கள் பிள்ளைகள் மண் எடுத்துத் தருகிறார்கள்; ஏட்டைப் படிப்பது எப்படி என்று வந்து சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கி வருவதைப் பத்திரிகையில் பார்த்துப் பெருமைப்படுகிறோமே, அவர்களால் இது முடியாதா?

பெற்றோர்களே! பிள்ளை இந்தப் பாடத்தை எடுத்தால் பயப்படாதீர்கள். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, கட்டுரை வந்தால் அதில் என் பிள்ளையின் பெயர் வருமா? இரண்டு, என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை மண் கொடுத்த ஊருக்கு வந்து சொல்வார்களா? மூன்று, அதிலிருந்து மருந்தோ உரமோ செய்து பணம் வந்தால், பங்கு யாருக்கு என்று எழுத்தில் இருக்கிறதா? இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. ஷாட்ஸ் என்ற மாணவர் முதலிலேயே கேட்டிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

மறுபடியும் அந்த வீட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குத் திரும்பப் போனோம். கத்தரிக்காய்க் கதையைச் சொன்னோம். ஷாட்ஸ் கதையையும் மறைக்காமல் சொன்னோம். தகப்பனார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வேலை கெடைக்குமாண்ணே?" என்று ஒரே கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. "உறுதி சொல்ல நம்மால் முடியாது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடம், செம்பனை ஆராய்ச்சி, உணவுச் சோதனை, பள்ளி ஆசிரியர் என்று இந்தப் படிப்புக்கு வழிகள் உண்டு. தாதியர் வேலை போல் நேர் வழி இல்லை. கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்" என்று உள்ளதைச் சொன்னோம்.

பாட்டி மட்டும் கத்தரிக்காயிலேயே நின்றுவிட்டார். "அழுகினதுலயா? அழுகின காயிலயா மருந்து?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம் பேத்தியைப் பார்த்து, "வாழ மரத்தடி மண்ணுல என்னா புள்ள இருக்கப் போவுது? பழைய ஆயாக் கொட்டகைக்குப் பின்னால ஒரு காடு இருக்கு பாரு, அங்கதான் மூணு தடவ மரம் சாஞ்சுது. ஆனா நடுவுல ஒரு பத்துப் பதினஞ்சு மரம் மட்டும் என்னைக்கும் ஒண்ணும் ஆகல. ஏன்னு எனக்குத் தெரியல. அங்க போயி எடு" என்றார்.

நாற்பது வருஷம் அந்த மண்ணைக் கொத்தியவருக்குத் தெரிந்த சங்கதி அது! எந்தக் கல்லூரிப் புத்தகத்தில் இருக்கிறது?

பூட்ஸ் போட்டுக்கொண்டு எல்லாரும் போனோம். நீரிழிவுக்காரர் என்பதால் பாட்டியைக் கீழே இறங்க விடவில்லை. பாதை ஓரத்தில் நின்று கையை நீட்டிக் காட்டினார். பேத்தி சாய்ந்த மரத்தடியில் ஒரு பையும், நிற்கிற மரத்தடியில் ஒரு பையும் எடுத்தாள். நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம் எழுதிவிட்டு, 'இடம் காட்டியவர்' என்று ஒரு கோடு போட்டுப் பாட்டியின் முழுப் பெயரை எழுதினாள்.

பாடம் மாற்றும் பாரம் இன்னும் வீட்டு அலமாரி மேல்தான் இருக்கிறது. தகப்பனார் அதில் கையெழுத்துப் போடவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. "மண்ணுல என்னா இருக்குன்னு மொதல்ல தெரியட்டும்ணே" என்றார்.

மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்க நம் தகப்பனாருக்கு உரிமை இல்லை என்றார்கள். இந்தத் தகப்பனாருக்குப் பதில் சொல்ல அவர் பெற்ற பெண்ணே இருக்கிறாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை கரண்டியோடு குந்தியிருந்தால் திட்டாதீர்கள். எந்தக் காட்டில் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். சிந்தியுங்கள் தோழர்களே!